வார்ப்புத் தொழிலில் இலாபம் மரக்கட்டையில் தொடங்குகிறது

உடுப்பிட்டியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் தோட்டக் கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் சுண்ணாம்புக்கல் நிலத்தடியில் தேங்கும் கிணற்று நீரை நம்பிய பயிர்கள். துலா மிதித்து இறைத்த காலம் போய், 1950களிலும் 1960களிலும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. அன்று தொட்டு உதிரிப்பாக வியாபாரமும் கூடவே வளர்ந்தது.

இந்த இயந்திரத்தில் தேய்ந்து போகும் முக்கிய பாகம் 'இம்பெல்லர்' என்னும் சுழல் சில்லு. உதாரணத்துக்கு ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ஒரு பழைய மொடல் பம்புக்கு இம்பெல்லர் கேட்டு விவசாயிகள் அவருடைய கடைக்கு அடிக்கடி வருகிறார்கள். கொழும்பிலும் சரக்கு இல்லை. 'நாமே வார்த்து விற்றால் என்ன?' என்று அவருக்கு யோசனை வருகிறது. நல்ல யோசனைதான். தேய்ந்த இம்பெல்லர் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு பவுண்டரிக்குப் போகிறார். "இதே மாதிரி ஐம்பது வார்த்துத் தாருங்கள்" என்று முற்பணமும் கொடுக்கிறார்.

பவுண்டரிக்காரர் அந்தப் பழைய பாகத்தையே மண்ணில் பதித்து ஐம்பதையும் வார்த்துக் கொடுக்கிறார். சரக்கு லேத் பட்டறைக்குப் போகிறது. "இதில் கடைவதற்கு இரும்பே விடவில்லையே" என்கிறார் லேத்காரர். எப்படியோ ஒப்பேற்றிச் சிலவற்றைப் பொருத்திப் பார்த்தால் தண்ணீர் முன்புபோல் ஏறவில்லை. விவசாயி திருப்பிக் கொண்டுவருகிறார். வியாபாரிக்குப் பணமும் போயிற்று, கடையின் பெயரும் கெட்டது.

இதில் இரும்பின் தரத்தில் குறையில்லை. பவுண்டரிக்காரர் ஏமாற்றவும் இல்லை. பிழை முதல் அடியிலேயே நடந்துவிட்டது. வார்ப்பதற்கு முன் செய்யவேண்டிய ஒரு மரக்கட்டையைச் செய்யாமல் விட்டதே அந்தப் பிழை. வார்ப்புப் பொருட்களை வாங்கும், விற்கும், செய்விக்கும் வியாபாரிகள் இந்த மரக்கட்டையைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

பேட்டர்ன் என்றால் என்ன?

உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கு மண்ணில் ஒரு குழிவு வேண்டும். அந்தக் குழிவை உண்டாக்கும் மாதிரி உருவையே 'பேட்டர்ன்' என்கிறார்கள். வார்ப்புத் தொழிலுக்குப் பெயர்போன கோயம்புத்தூரில் முதலாளி முதல் கூலியாள் வரை இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

வேலை இப்படி நடக்கிறது. பேட்டர்னை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, களியும் ஈரமும் கலந்த மணலைப் போட்டு இடித்து இறுக்குவார்கள். மேற்பெட்டி, கீழ்ப்பெட்டி என்று இரண்டாகச் செய்து, பிரித்து, பேட்டர்னை மெல்ல வெளியே எடுப்பார்கள். மணலில் அதன் வடிவம் அப்படியே நிற்கும். பெட்டிகளை மீண்டும் மூடி, விட்ட வழியால் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மணலை உடைத்தால் வார்ப்பு கிடைக்கும்.

பொருளின் உள்ளே துளையோ வெற்றிடமோ வரவேண்டுமானால் அந்த இடத்தை அடைக்க மணலால் செய்த ஒரு கட்டியை வைப்பார்கள். அதன் பெயர் 'கோர்'. அதை வார்த்தெடுக்கும் பெட்டி 'கோர் பெட்டி'. பம்பின் கூட்டுக்குள் தண்ணீர் சுழலும் வழி முழுவதும் கோர் வைத்த இடமே. ஆகவே பேட்டர்ன் என்று விலை பேசும்போது கோர் பெட்டியும் அதில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் சுவாமிமலை ஸ்தபதிகள் வெண்கலச் சிலை வார்க்கும் முறையை அறிந்தவர்கள் இங்கு ஒரு வித்தியாசத்தைக் காணலாம். அங்கே மெழுகில் உருவைச் செய்து, களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். ஒரு சிலைக்கு ஒரு மெழுகு. சிலை பிறக்கும்போது மெழுகு இல்லாமல் போய்விடும். மணல் வார்ப்பில் அப்படியல்ல. மணல் அச்சு ஒவ்வொரு முறையும் உடைந்தாலும் பேட்டர்ன் மிஞ்சியிருக்கும். மீண்டும் மீண்டும் பயன்படும். அதனால்தான் கணக்கில் அதைச் செலவாக எழுதாமல் முதலாக எழுதவேண்டும்.

பழைய பாகத்தையே வைத்து வார்த்தால் என்ன?

உலோகம் ஆறும்போது சுருங்கும். எல்லா உலோகமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. சாதாரண வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்கு, அலுமினியம் ஏறத்தாழ 1.3 பங்கு, பித்தளை ஏறத்தாழ 1.5 பங்கு, உருக்கு ஏறத்தாழ 2 பங்கு சுருங்கும். பொருளின் வடிவத்தையும் தடிப்பையும் பொறுத்து இவை சற்றே மாறலாம்.

200 மில்லிமீற்றர் விட்டமுள்ள இம்பெல்லரை அப்படியே மண்ணில் பதித்து வார்ப்பிரும்பில் வார்த்தால் கிடைப்பது 198 மில்லிமீற்றர். கொண்டுபோன பழைய பாகம் ஏற்கனவே தேய்ந்து 196 மில்லிமீற்றராக இருந்திருந்தால் புதியது 194 ஆக வரும். அதன் விளிம்பைக் கடைந்து மட்டமாக்கினால் இன்னும் குறைந்து 192ஐத் தொடும். 200 இருக்கவேண்டிய இடத்தில் 192. நூற்றுக்கு 4 பங்கு குறைவு.

'எட்டு மில்லிமீற்றர்தானே' என்று தோன்றலாம். ஆனால் பம்ப் தண்ணீரைத் தள்ளும் உயரம் இம்பெல்லரின் விட்டத்தோடு வர்க்கக் கணக்கில் குறையும். விட்டம் நூற்றுக்கு 4 குறைந்தால் உயரம் நூற்றுக்கு 8 அளவில் குறையும். இருபத்தைந்து அடி தள்ளிய இயந்திரம் இருபத்துமூன்று அடியோடு நின்றுவிடும். சில்லுக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி கூடுவதால் கசிவும் கூடும். எண்ணெய் அதே அளவு எரியும், தண்ணீர் குறைவாக வரும். விவசாயிக்கு இந்தக் கணக்குத் தெரியாவிட்டாலும் வாய்க்காலைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இதைவிட மோசமானது, இப்படி வார்த்ததையே மாதிரியாக வைத்து அடுத்த முறையும் வார்ப்பது. நகலின் நகல் மேலும் சிறுக்கும். மூன்றாவது தலைமுறையில் அது எந்த இயந்திரத்துக்கும் பொருந்தாத இரும்புத் துண்டு.

அவசரத்துக்கு ஒன்றிரண்டு செய்யும்போது பழைய பாகத்தின் மேல் மெழுகோ பட்டியோ பூசிப் பருமனாக்கி வார்க்கும் வழக்கம் உண்டு. நின்றுபோன இயந்திரத்தை ஓடவைக்க அது உதவும். ஐம்பது, நூறு என்று விற்பதற்கு அந்த வழி சரிவராது.

நல்ல பேட்டர்னில் என்னென்ன இருக்கும்?

பேட்டர்ன் செய்பவர் முதலில் தச்சர். ஆனால் கதவு செய்யும் தச்சருக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கதவுத் தச்சர் தேவையான அளவிலேயே செய்கிறார். பேட்டர்ன் தச்சர், பின்னால் நடக்கப்போவதை முன்கூட்டியே எண்ணி அளவைக் கூட்டியும் குறைத்தும் செய்கிறார். ஒரு பேட்டர்னைக் கையில் வாங்கும்போது நீங்கள் கவனிக்கவேண்டியவை ஐந்து.

முதலாவது, சுருக்கத்துக்கு விட்ட அளவு. பேட்டர்ன் தச்சர்களிடம் இதற்கென்றே 'சுருக்கக் கோல்' இருக்கும். வார்ப்பிரும்புக்கான கோலில் 1000 மில்லிமீற்றர் என்று குறித்திருக்கும் நீளம் உண்மையில் 1010 மில்லிமீற்றர் இருக்கும். அந்தக் கோலால் அளந்து செய்தால் சுருக்கம் தானாகவே சேர்ந்துவிடும். இரும்புக்குச் செய்த பேட்டர்னில் பித்தளையை வார்த்தால் அளவு தவறும் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது, கடைசலுக்கு விட்ட தடிப்பு. லேத்தில் கடைந்து மினுக்கவேண்டிய முகங்களில் மேலதிக உலோகம் வேண்டும். சிறிய இரும்பு வார்ப்புகளில் ஒரு முகத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் விடுவது வழக்கம். கடையாத முகங்களில் இதை விட்டால் இரும்பு வீண்.

மூன்றாவது, சாய்வு. செங்குத்தான சுவர் கொண்ட பேட்டர்னை மணலிலிருந்து உருவும்போது மணலும் சேர்ந்து பெயரும். அதனால் சுவருக்கு 1 பாகை முதல் 3 பாகை வரை சாய்வு கொடுப்பார்கள். 1 பாகை என்றால் 100 மில்லிமீற்றர் உயரத்துக்கு 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான சாய்வு. சாய்வில்லாத பேட்டர்ன் ஒவ்வொரு முறையும் அச்சைக் கெடுக்கும். கழிவு கூடும், பவுண்டரியோடு சண்டையும் கூடும்.

நான்காவது, கோர் உட்காரும் மூக்கு. மணலில் கோர் அசையாமல் நிற்பதற்காகப் பேட்டர்னில் நீட்டிவிட்ட பகுதி இது. இது சிறிதானால் கோர் நகரும். அப்போது பம்பின் கூடு ஒருபக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் வரும். மெல்லிய பக்கம் சில மாதங்களில் பொத்துப்போகும்.

ஐந்தாவது, மூலைகளில் கொடுத்த வளைவு. கூர்மையான உள்மூலைகளில் வார்ப்பு வெடிக்கும். மெழுகு, தோல் அல்லது பசை வைத்து அந்த மூலைகளை வளைவாக்கியிருக்கவேண்டும்.

எடையும் பேட்டர்னின் கையில்

பொதுவாக வார்ப்புகள் கிலோ கணக்கில் விற்கப்படுகின்றன. இதை எண்ணிப்பாருங்கள். 5 மில்லிமீற்றர் தடிப்பில் வரவேண்டிய ஒரு மூடியின் பேட்டர்ன் கவனக்குறைவால் 6 மில்லிமீற்றராகச் செய்யப்பட்டால் எடை நூற்றுக்கு 20 கூடும். 3 கிலோ வரவேண்டியது 3.6 கிலோவாக வரும். இருநூறு மூடிகளுக்கு 120 கிலோ இரும்பை நீங்கள் வீணாக வாங்கி, ஏற்றி, இறக்கி, விற்கும்போது இலவசமாகக் கொடுக்கிறீர்கள். பேட்டர்ன் கூலியில் இரண்டாயிரம் ரூபா குறைத்த மகிழ்ச்சி இந்த இடத்தில் கரைந்துபோகும்.

கோயம்புத்தூர் கற்றுத்தரும் பாடம்

தமிழர் ஊர்களில் இந்தத் தொழிலைப் பெரிய அளவில் வளர்த்தது கோயம்புத்தூர். கரிசல் மண்ணும் ஆழமான கிணறுகளும் கொண்ட அந்த மாவட்டத்துக்கும் நமது குடாநாட்டைப் போலவே நீரிறைப்பது பெரும் பிரச்சினை. 1926இல் அங்கே பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1932இல் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். மோட்டார் வந்ததும் அதோடு இணையும் பம்புக்கு வார்ப்புகள் தேவைப்பட்டன. பவுண்டரிகள் தெருத்தெருவாக எழுந்தன. 1969இல் சிறுதொழில் முனைவோர் சேர்ந்து கொடிசியா என்ற சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள். இன்று இந்தியாவில் விற்கும் நீர்ப்பம்புகளில் பெரும் பங்கு அந்த ஊரில் செய்யப்படுவது.

நமது வியாபாரிகள் அங்கே கவனிக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. அந்த ஊரில் பம்ப் விற்கும் எல்லோரிடமும் உலை இல்லை. பேட்டர்ன் செய்பவர் ஒருவர், வார்ப்பவர் ஒருவர், கடைபவர் ஒருவர், பூட்டிச் சோதித்துப் பெயர்ப் பலகை ஒட்டி விற்பவர் வேறொருவர். கூலிக்கு வார்த்துக் கொடுக்கும் பவுண்டரிக்குச் சிறு உற்பத்தியாளர் தமது பேட்டர்னைக் கொடுத்து, வார்ப்புகளைக் கிலோ விலைக்கு வாங்கிக்கொள்கிறார். உலைக்கும் நிலத்துக்கும் கரிக்கும் அவர் முதல் போடவில்லை. அவர் போட்ட முதல் பேட்டர்னில் இருக்கிறது. ஒரு பவுண்டரி சரியில்லை என்றால் பேட்டர்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த பவுண்டரிக்குப் போகலாம். பேட்டர்ன் பவுண்டரிக்காரரின் சொத்தாக இருந்தால் அது முடியாது. அவர் சொல்லும் விலைதான் விலை.

இந்த வகையில் சொன்னால், வார்ப்புத் தொழிலில் பேட்டர்னை வைத்திருப்பவரே உற்பத்தியாளர். உலை வைத்திருப்பவர் அவருக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பவர்.

நமது நாட்டில் என்ன இருக்கிறது?

இலங்கைக்கும் இந்தத் தொழில் புதியதல்ல. 1854இல் கண்டியில் ஜோன் வோக்கர் தொடங்கிய பட்டறை காப்பித் தோட்டங்களுக்குப் பழத்தோல் நீக்கும் இயந்திரங்களைச் செய்து கொடுத்தே வளர்ந்தது. பிறகு அது கொழும்பில் பெரிய பொறியியல் நிறுவனமாயிற்று. தோட்டங்களின் தேவை அந்தத் தொழிலை வளர்த்தது.

வடக்கில் தேவையை உண்டாக்கியது பெரும்பாலும் தட்டுப்பாடு. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளும் இரும்புச் சாமான்களும் தட்டுப்பட்டன. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் உடைந்ததைத் திருத்தியே காலத்தை ஓட்டினார்கள். ஏ-9 பாதை 2002இல் திறந்து, 2006இல் மூடி, போர் முடிந்த 2009இன் பிற்பகுதியில் மீண்டும் திறந்தது. 2022இல் டொலர் இல்லாமல் நாடே தவித்தது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் அந்த ஆண்டில் முந்நூற்று அறுபதைத் தாண்டியது. கொழும்பிலும் உதிரிப்பாகக் கடைகளின் தட்டுகள் காலியாகின.

ஐம்பது ஆண்டுகளில் மூன்று முறை சரக்கு வரத்து அடைபட்டிருக்கிறது. அப்படியான நேரத்தில் களஞ்சியத்தில் உள்ள சரக்கு சில வாரங்களில் தீர்ந்துவிடும். அலுமாரியில் பேட்டர்ன் வைத்திருப்பவருக்குப் பழைய இரும்பு இருக்கும்வரை சரக்கு உண்டு.

பழைய இரும்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஹார்ட்வெயார், பழைய இரும்பு வியாபாரத்தில் முஸ்லிம் வியாபாரிகளுக்கு முக்கிய இடம் இருந்தது. 1990 ஒக்டோபரில் அவர்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதோடு கடைகளும், தலைமுறையாக இருந்த கொடுக்கல் வாங்கல்களும் அறுந்துபோயின. பின்னர் திரும்பி வந்தவர்களில் சிலர் அதே தொழிலைத் தொடர்கிறார்கள். உடைந்த எஞ்சின் புளொக், பழைய பம்புக் கூடு ஆகியவை நல்ல வார்ப்பிரும்பு. எது வார்ப்பிரும்பு, எது உருக்கு, எது கலப்பு என்று தட்டிப் பார்த்தும் உடைத்துப் பார்த்தும் பிரிக்கத் தெரிந்தவர் பவுண்டரிக்கு மிகவும் வேண்டியவர். அந்த அறிவு ஏற்கனவே நமது வியாபாரிகளிடம் இருக்கிறது.

கைவேலைக்கும் பஞ்சமில்லை. உடுப்பிட்டிக்குப் பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்தது. வளைந்த பலகையைக் கண்ணால் அளந்து பொருத்திய கைகள் அந்தக் கரையில் இருந்தன. தேரும் வாகனமும் செய்யும் தச்சர்கள் இன்றும் குடாநாட்டில் இருக்கிறார்கள். பம்புக் கூட்டின் நத்தை வடிவத்தைச் செதுக்குவது அப்படிப்பட்ட கைகளுக்குக் கடினமல்ல. அவர்களுக்குப் புதிதாகத் தேவைப்படுவது மேலே சொன்ன ஐந்து விடயங்களும் ஒரு சுருக்கக் கோலும்தான்.

இரும்பைத் தெரிந்த வியாபாரி, மரத்தைத் தெரிந்த தச்சர், உலையைத் தெரிந்த வார்ப்பவர், இந்த மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான் இங்கே முதலாளியின் வேலை.

மரமா, உலோகமா, கணினியா?

எத்தனை வார்ப்பு தேவை என்பதை வைத்தே பேட்டர்ன் எதில் செய்வது என்று முடிவெடுக்கவேண்டும்.

சிறிய எண்ணிக்கைக்கு மரம் போதும். நன்றாகக் காய்ந்த தேக்கும் மகோகனியும் ஏற்றவை. ஈரம் உள்ள மரம் சில வாரங்களில் முறுகி அளவு மாறிவிடும். மரப் பேட்டர்ன் பராமரிப்போடு சில நூறு அச்சுகள் வரை தாங்கும். அதற்கு மேல் விளிம்பு தேயும். ஆயிரக்கணக்கில் தேவையென்றால் அலுமினியப் பேட்டர்ன் நல்லது. அலுமினியப் பேட்டர்னையும் முதலில் ஒரு மரப் பேட்டர்னிலிருந்தே வார்க்கிறார்கள் என்றால் அந்த மரத்துக்கு இரட்டைச் சுருக்கம் விடவேண்டும். அலுமினியத்துக்கு 1.3, பிறகு இரும்புக்கு 1, ஆக நூற்றுக்கு 2.3. இதை மறந்ததால் விலையுயர்ந்த அலுமினியப் பேட்டர்ன் குப்பைக்குப் போகும்.

இப்போது கணினியில் வரைந்து, சிஎன்சி இயந்திரத்தில் ரெசின் கட்டையைச் செதுக்குகிறார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் பேட்டர்னையும் எடுக்கிறார்கள். வேகம் உண்டு, அளவும் சரியாக வரும். பேட்டர்ன் உடைந்தாலும் கணினிக் கோப்பு இருப்பதால் மீண்டும் செய்யலாம். ஆனால் சுருக்கமும் சாய்வும் கடைசலும் கணினிக்குத் தானாகத் தெரியாது. சொல்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தேய்ந்த பாகத்தை அப்படியே ஸ்கேன் செய்து அச்சிட்டால், நமது உதாரண வியாபாரி செய்த அதே பிழையை அதிக செலவில் செய்ததாகும்.

கணக்கைப் பாருங்கள். விலைகள் விளக்கத்துக்காக வைத்தவை. நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். கோர் பெட்டியோடு மரப் பேட்டர்ன் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இருபது வார்ப்புத்தான் விற்கும் என்றால் ஒன்றின் மேல் 3,000 ரூபா பேட்டர்ன் செலவு ஏறும். இருநூறு விற்றால் 300 ரூபா. அலுமினியப் பேட்டர்ன் 1,80,000 ரூபா என்றால் இருநூறு விற்பனைக்கு ஒன்றின் மேல் 900 ரூபா ஏறும், அது கட்டாது. இரண்டாயிரம் விற்கும் என்றால் 90 ரூபாதான். அதே இரண்டாயிரத்துக்கு மரப் பேட்டர்னை நான்கு முறை புதிதாகச் செய்யவேண்டி வந்தால் 2,40,000 ரூபா, ஒன்றின் மேல் 120 ரூபா. ஆகவே முதலில் எழுதிப் பார்க்கவேண்டியது விற்பனை எண்ணிக்கை. பேட்டர்ன் விலை அதற்குப் பிறகு.

எதைச் செய்வது, எதை விடுவது?

கடையில் தாராளமாகக் கிடைக்கும் சரக்கோடு போட்டி போடவேண்டாம். இலட்சக்கணக்கில் செய்து அனுப்பும் சீன, இந்தியத் தொழிற்சாலைகளின் விலைக்கு நாம் இறங்க முடியாது. இறக்குமதியாளர் தொடாத, ஆனால் ஊரில் தேவைப்படும் பொருட்களைத் தேடவேண்டும். பழைய மொடல் பம்புகளின் இம்பெல்லரும் கூடும், இருசக்கர உழவு இயந்திரத்தின் கப்பி, படகு இயந்திரத்தின் தாங்கி, உணவகங்களின் பெரிய அடுப்பு வளையம், வடிகால் மூடி போன்றவை அப்படிப்பட்டவை. இவற்றுள்ளும் உடைந்தால் உயிருக்கு ஆபத்து வரும் பாகங்களை, பிரேக் பாகங்கள் போன்றவற்றை, தகுந்த சோதனை வசதியில்லாமல் தொடக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. பழைய பாகத்தில் புடைப்பாக இருக்கும் நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் பேட்டர்னில் சேர்த்து வார்ப்பது குற்றம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வர்த்தகக் குறிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சட்டத்தை விட்டாலும், பிறர் பெயரில் சரக்கு விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். உங்கள் கடையின் பெயரைப் பேட்டர்னில் பொறியுங்கள். பொருள் நன்றாக உழைத்தால் அந்தப் பெயரே அடுத்த வாடிக்கையாளரைக் கூட்டி வரும்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

வார்ப்புத் தொழிலில் கொடுக்கல் வாங்கல் தகராறுகள் பெரும்பாலும் பேட்டர்னைச் சுற்றியே எழும். பவுண்டரியில் விட்டுவைத்த பேட்டர்ன் அவர்களிடம் நீங்கள் ஒப்படைத்த அமானிதம். அமானிதமானாலும் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது. எழுதவேண்டியவை இவை:

1. பேட்டர்னும் கோர் பெட்டியும் யாருடைய சொத்து, அவற்றின் இலக்கம் என்ன, கழற்றிப் பூட்டும் துண்டுகள் எத்தனை.

2. எந்த உலோகத்துக்காகச் செய்தது, சுருக்கம் எவ்வளவு விட்டது.

3. ஒரு வார்ப்பின் எடை எவ்வளவு, எந்த அளவுக்கு மேல் கூடினால் கூடிய எடைக்குப் பணமில்லை.

4. கழிவான வார்ப்புகள் யாருடைய செலவு. பேட்டர்னில் பிழையென்றால் உங்களுடையது, அச்சிலோ உலோகத்திலோ பிழையென்றால் அவர்களுடையது.

5. உங்கள் பேட்டர்னில் வேறொருவருக்கு வார்த்துக் கொடுக்கக்கூடாது.

6. கேட்டவுடன் பேட்டர்னைத் திருப்பித் தரவேண்டும். சேதமானால் யார் திருத்துவது.

எத்தனை கேட்டிருந்தாலும் முதலில் மூன்றுக்கு மேல் வார்க்கவேண்டாம். அவற்றைக் கடைந்து, பூட்டி, ஓட்டிப் பாருங்கள். தேய்ந்த பாகத்தை அளப்பதைவிட அது உட்காரும் கூட்டையும் தண்டையும் அளந்து பேட்டர்ன் செய்வது சரியான வழி. சோதித்துத் திருத்திய பிறகே மிகுதிக்கு ஓடர் கொடுக்கவேண்டும்.

வேலை முடிந்ததும் பேட்டர்னைத் துடைத்து, பூச்சுப் பூசி, கறையானும் ஈரமும் அண்டாத உயர்ந்த தட்டில் வையுங்கள். இலக்கத்தை ஒரு கொப்பியில் பதியுங்கள். மூலையில் எறிந்த பேட்டர்ன் ஒரு மாரிக்குப் பிறகு விறகுக்குத்தான் உதவும்.

நமது உதாரண வியாபாரிக்குத் திரும்புவோம். அவருடைய ஐம்பது இம்பெல்லர்களும் மீண்டும் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும். ஆனால் அவருடைய யோசனை தவறல்ல. ஊரில் தேவை இருந்தது, இரும்பு இருந்தது, உலையும் இருந்தது. ஒரு நல்ல தச்சருக்கு ஒரு வாரக் கூலியைக் கொடுத்து, நல்ல இம்பெல்லர் ஒன்றையும் அதன் கூட்டையும் அளந்து பேட்டர்ன் செய்வித்திருந்தால், அந்த மரக்கட்டை இன்று அவருடைய கடையின் பின்னறையில் ஒரு சொத்தாக இருந்திருக்கும். விவசாயி வரும்போதெல்லாம் "இல்லை" என்று சொல்லாமல் "அடுத்த கிழமை வாருங்கள்" என்று அவரால் சொல்ல முடிந்திருக்கும்.

வார்ப்புப் பொருள் வாங்கவோ செய்விக்கவோ எண்ணும் வியாபாரிகள் விலை பேசுமுன் பவுண்டரியின் உலையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பேட்டர்ன்கள் அடுக்கிய தட்டையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். அது ஒழுங்காக இருந்தால் அந்த இடத்தில் வேலையும் ஒழுங்காக நடக்கும் என்று நம்பலாம்.